ட்ரில் பிட்டுகளைக் கறள் பிடிக்காமல், கலந்துபோகாமல் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

கோண்டாவில் கொட்டில்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதுதான் எனது பட்டறை. கதவுப் பிணைச்சல் மாற்றுவது, கேற் திருத்துவது, அலுமாரிக்குத் தட்டு அடிப்பது என்று சனி ஞாயிறுகளில் ஏதாவது வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பா விட்டுப்போன ட்ரில் பிட்டுகள் எல்லாம் ஒரு பழைய பால்மா ரின்னில் கிடக்கின்றன. நான் வாங்கியவற்றையும் அதற்குள்ளேயே போட்டுப் போட்டு ரின் நிரம்பிவிட்டது. போன ஞாயிறு தண்ணீர் மோட்டார் வைக்கிற ஆங்கிள் இரும்பில் எம் 6 மரை, அதாவது 6 மில்லிமீற்றர் போல்டுக்குரிய மரை, வெட்ட வேண்டியிருந்தது. அதற்கு 5 மில்லிமீற்றர் துளை வேண்டும். ரின்னுக்குள் கைவிட்டு எடுத்த முதல் பிட்டைப் போட்டு அழுத்தினேன். புகை வந்தது, துளை வரவில்லை. கழற்றித் துடைத்துப் பார்த்தால் அது சுவர் பிட். இரண்டாவதாக எடுத்தது இரும்புக்கு உரியதுதான், துளையும் விழுந்தது. ஆனால் மரை வெட்டி முடித்த பிறகு போல்ட் ஆடுகிறது. வேணியரால் அளந்தால் பிட் 5.5. தண்டில் அடித்திருந்த இலக்கத்தைக் கறள் தின்றுவிட்டது. மிச்சமாக இருந்தது 5 மட்டும்தான்.

அன்று பின்னேரம் ரின்னை ஒரு சாக்கின் மேல் கொட்டி எண்ணினேன். மொத்தம் 83. அதில் 6 மில்லிமீற்றர் மட்டும் 14. 5 மில்லிமீற்றரில் ஒன்றே ஒன்று, அதுவும் நுனி முறிந்தது. 4.2 இல்லவே இல்லை. எது இல்லை என்று தெரியாமல் கடைக்குப் போகும் நேரமெல்லாம் 6 வாங்கி வந்திருக்கிறேன்.

மாரி தொடங்க முன்னர் இதை ஒழுங்குபடுத்த வேண்டும். மரக்கட்டையா, லாச்சியா, மூடிய பெட்டியா? நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

ஓடாவி மகன்

மரக்கட்டைதான் தம்பி. எங்கள் வீட்டில் அப்பா செய்த கட்டை ஒன்று இன்னும் மேசையில் நிற்கிறது. வேம்பு. படிக்கட்டு மாதிரி மூன்று படி வெட்டி, பின்படியில் பெரிய பிட், முன்படியில் சின்னப் பிட். அப்படி வைத்தால் எதுவும் எதையும் மறைக்காது.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. துளையை நேர்ச் செங்குத்தாகப் போடாதீர்கள், துளையின் அடி பின்னுக்குப் போகிற மாதிரி பத்துப் பதினைந்து பாகை சரித்துப் போடுங்கள். மேசைக்கு முன்னால் நிற்கும்போது பிட்டின் தலை உங்களைப் பார்த்து நிற்கும், எடுக்கவும் சுகம். 6 மில்லிமீற்றர் பிட் முழு நீளம் 93 மில்லிமீற்றர், அதில் புரி வெட்டியிருப்பது 57. மிச்சம் தண்டு. ஆகவே 30 ஆழம் போட்டால் தண்டு அழகாக உட்காரும், புரி மரத்தில் தொடாது. துளைக்குத் துளை இடைவெளி எவ்வளவு என்றால், பெருவிரலும் சுட்டுவிரலும் உள்ளே போய்ப் பக்கத்துப் பிட்டில் படாமல் தூக்க வேண்டும். நெருக்கிப் போட்டால் ஒன்றை எடுக்கும்போது அடுத்தது கையைக் கீறும்.

பனங்கட்டை கிடக்கிறது என்று அதை எடுக்க வேண்டாம். வைரமான பக்கம் கறுப்பு நார் நாராகப் பிளந்து துளையைச் சுற்றிச் சிராய் நிற்கும். தேக்கு, வேம்பு, மஹோகனி எதிலாவது வெட்டுத்துண்டு இருந்தால் போதும்.

குருநகர்க் கரை

ஓடாவி மகன் அண்ணை, உங்கள் ஊரில் அது சரி. எங்கள் பக்கம் சரிவராது. நான் படகு எஞ்சின் வேலை. பட்டறைக்கும் கடலுக்கும் இடையில் ஒரு றோட்டுத்தான். வாடைக்காற்று தொடங்கினால் இரவு மேசையில் வைத்த ஸ்பனர் விடிய எழும்பிப் பார்க்க மண்ணிறமாக இருக்கும். உப்புக் காற்றுக்குள் திறந்த கட்டையில் பிட்டை நிறுத்தி வைத்தால் முதலில் கறள் பிடிப்பது வெட்டும் விளிம்புதான். அது மயிரிழை அளவு மெல்லியது. தண்டு கறள் பிடித்தால் துடைத்துவிடலாம், விளிம்பு போனால் பிட் போனது.

நான் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கிறேன். நாலு பக்கமும் கொளுக்கி போட்டு மூடுவது, மூடியில் ரப்பர் வளையம் இருக்கும். உள்ளே பழைய பருத்திச் சீலைத் துண்டு ஒன்று, தையல் மெசின் எண்ணெய் பத்துத் துளி விட்டுப் பிழிந்தது. பிட்டை அதன் மேல் வரிசையாகப் படுக்க வைத்து மூடிவிடுவேன். மூன்று மாரி போய்விட்டது, ஒரு பொட்டுக் கறள் இல்லை.

ஒரு முக்கியமான விசயம். குசினி எண்ணெய் பூச வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாட்பட்டால் காறிப்போய் அமிலமாகும். நல்லெண்ணெய் பிசின் மாதிரி இறுகும், பிறகு பிட்டைக் கவ்வும் சக்கில் பிட் வழுக்கும். டபிள்யூ.டி-40ஐ அடித்துவிட்டு வைத்தால் போதும் என்றும் பலர் நினைக்கிறார்கள். அது ஈரத்தை விரட்டுவதற்கு நல்லது. அதன் படலம் மெல்லியது, கடற்கரைக் காற்றுக்கு நெடுநாள் நிற்காது.

சாவகச்சேரி வயர்மன்

எனக்குப் பட்டறையே மோட்டார்சைக்கிள்தான். ஆகவே கட்டையும் இல்லை, மேசையும் இல்லை. வயரிங் பைப் 25 மில்லிமீற்றரில் வெட்டுத்துண்டு எடுத்து, ஒரு பக்கம் மூடியை ஒட்டி, மறுபக்கம் கழற்றுகிற மூடி. 6க்கு ஒன்று, 8க்கு ஒன்று, 10க்கு ஒன்று. வெளியில் நிற ரேப் சுற்றியிருக்கிறேன், ஏணியில் நின்றபடியே நிறத்தைச் சொல்லிப் பெடியனிடம் கேட்கலாம்.

சுவர் பிட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஸ்.டி.எஸ். பிளஸ் பிட்டுகளில், அதாவது சுத்தியல் ட்ரில்லில் சொருகிப் பூட்டுகிற சுவர் பிட்டுகளில், தண்டைப் பார்த்து அளவு பிடிக்க முடியாது. 5 ஆனாலும் 16 ஆனாலும் தண்டு ஒரே 10 மில்லிமீற்றர்தான். ஆகவே கட்டை செய்கிறவர்கள் அவற்றுக்கு எல்லாத் துளையும் ஒரே அளவில் போட்டுவிடலாம். ஆனால் பக்கத்தில் இலக்கம் எழுதாவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். இன்னொன்று, அந்தத் தண்டுக்குக் கிறீஸ் பூசித்தான் பாவிக்க வேண்டும். பாவித்து முடிந்ததும் துடைத்துவிட்டு வையுங்கள். கிறீஸோடு வைத்தால் சீமெந்துத் தூசியைப் பிடித்துக்கொண்டு அரத்தூள் மாதிரி ஆகிவிடும், அடுத்த முறை மெசினின் சக்கைத்தான் அது தின்னும்.

லேத் மேசை

நான் நாற்பது வருசம் லேத்தில் நின்றவன். தம்பி, எல்லோரும் பெட்டியைப் பற்றிக் கதைக்கிறார்கள். நீர் முதலில் செய்ய வேண்டியது பெட்டி வாங்குவதல்ல. அந்த 83ஐயும் பிரிக்க வேண்டும்.

முதல் பிரிப்பு, வேலையை வைத்து. இரும்பு, மரம், சுவர். நுனியைப் பார்த்தாலே தெரியும். சுவர் பிட்டின் நுனியில் வேறு நிறத்தில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும், அது கார்பைட் என்கிற மிகக் கடினமான பொருள். தகடு புரியை விடச் சற்று அகலமாக வெளியே நிற்கும். மர பிட்டுக்கு நடுவில் முள் மாதிரி ஒரு கூர் இருக்கும். இரும்பு பிட்டுக்கு வெறும் கூம்பு. இந்த மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கக்கூடாது. பக்கத்துப் பக்கத்து லாச்சியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே லாச்சியில் வேண்டாம். கார்பைட் தகடு இரும்பு பிட்டின் விளிம்பில் முட்டினால் விளிம்புதான் தோற்கும். உம்முடைய ரின்னை ஒவ்வொரு முறை குலுக்கும்போதும் உள்ளே நடந்தது அதுதான்.

இரண்டாவது, அளவு. தண்டில் இலக்கம் அழிந்ததை அளக்கும்போது தண்டை அளக்காதேயும். வெட்டும் நுனிக்குக் கிட்ட, எதிரெதிராக நிற்கிற இரண்டு வெளி விளிம்பையும் வேணியரில் பிடியும். நல்ல பிட் நுனியிலிருந்து தண்டுப் பக்கம் போகப் போக ஒரு சொட்டுச் சிறுக்கும், துளைக்குள் உரசாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். சுவர் பிட்டில் கார்பைட் தகட்டின் அகலத்தை அளக்க வேண்டும்.

அப்பாவின் பிட்டுகளில் இஞ்சி அளவும் கலந்திருக்கும். பழைய ஆட்கள் நூல் கணக்கு, இஞ்சிக்கு எட்டு நூல். ஒரு நூல் 3.18 மில்லிமீற்றர், இரண்டு நூல் 6.35, மூன்று நூல் 9.53. வேணியரில் 6.35 வந்தால் அது தேய்ந்த 6.5 என்று நினைத்து எறியவேண்டாம், அது முழுதான கால் இஞ்சி. அவற்றுக்குத் தனி வரிசை போடும்.

மூன்றாவது, கூர். மொட்டையாய்ப் போனதைத் திரும்ப அதன் இடத்தில் வைக்கிற பழக்கத்தை விடும். நான் வேலை செய்த இடத்தில் மேசையின் இடது மூலையில் ஒரு மீன் ரின் இருக்கும். வெட்டாத பிட் நேரே அதற்குள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ரின்னைச் சாணைக்கல்லுக்குக் கொண்டுபோவோம்.

எங்களுக்கு இந்தப் பழக்கம் வந்தது வசதியால் அல்ல. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது சீமெந்து, பற்றரி, இரும்பு எதுவும் ஒழுங்காக உள்ளே வராது. 2002இல் ஏ-9 கண்டி வீதி திறக்கும்வரை ஒரு 8 மில்லிமீற்றர் பிட் முறிந்தால் இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. முறிந்த துண்டைக்கூடத் திரும்பத் தீட்டிப் பாவித்தோம். ஒவ்வொரு பிட்டையும் எண்ணெய்ச் சீலையில் சுற்றி, சீலையில் நூலால் அளவைத் தைத்து வைத்திருந்தோம். இப்போது கடையில் போய் வாங்கலாம் என்பதற்காக அந்தக் கவனத்தை விடவேண்டியதில்லை.

கோண்டாவில் கொட்டில்

ஐயா, இன்றிரவே பிரிக்கத் தொடங்குகிறேன். இரண்டு கேள்வி. ஒன்று, கட்டையில் நிறுத்தும்போது தண்டு கீழேயா, நுனி கீழேயா? இரண்டு, மொட்டைப் பிட்டைத் தீட்ட எனக்குப் பயமாக இருக்கிறது. கோணம் எப்படிப் பிடிப்பது?

ஓடாவி மகன்

தண்டு கீழே. நுனி மேலே நின்றால்தான் இது இரும்புக்கா மரத்துக்கா, கூர் இருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியும்.

லேத் மேசை

நான் அதோடு உடன்படவில்லை. பெரிய பிட்டுக்குத் தண்டு கீழே, சரி. 3 மில்லிமீற்றருக்குக் கீழே உள்ளவை ஊசி மாதிரி. அவை மேலே பார்த்து நிற்கும் மேசையில் குனிந்து எதையாவது எடுக்கும்போது கையில் ஏறும். பட்டறைக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் இன்னும் மோசம். சின்னவற்றை மூடியுள்ள எதற்குள்ளாவது போடும்.

கோணத்துக்கு: சாதாரண இரும்பு பிட்டின் நுனிக் கோணம் 118 பாகை. இரண்டு அறுகோண நட்டைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்துப் பிடித்தால் நடுவில் விழும் பள்ளம் 120 பாகை. தீட்டிய நுனியை அந்தப் பள்ளத்தில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாரும். இரண்டு பக்கமும் ஒளி கசியாமல் உட்கார்ந்தால் போதும். இரண்டு விளிம்பும் ஒரே நீளமாக இருப்பது அதைவிட முக்கியம். ஒன்று நீண்டால் துளை பெரிதாகும். எச்.எஸ்.எஸ். (அதிவேக உருக்கு) பிட் கல்லில் கொஞ்சம் நீலம் பாய்ந்தால் பதற வேண்டாம், அந்தச் சூட்டை அது தாங்கும். சிவக்கச் சுட்டதைத் தண்ணீருக்குள் தோய்ப்பதுதான் பிழை, விளிம்பில் மயிர் வெடிப்பு வரும்.

சிரட்டை வேலை

ஐயா சொன்ன சின்னப் பிட் பற்றி நானும் சொல்கிறேன். நான் சிரட்டையில் தோடும் சங்கிலியும் செய்கிறேன். எனக்கு 0.8 முதல் 2 வரைதான் தேவை. ஒன்றாகப் போட்டு வைத்தால் பாவிக்காமலே முறியும், அவ்வளவு மெல்லியவை. முடிந்த குமிழ்முனைப் பேனையின் வெறுங்கூட்டை எடுத்து, அடியில் மெழுகு உருக்கி அடைத்து, ஒரு கூட்டில் ஒரு அளவு வைக்கிறேன். மூடி போட்டால் சேர்ட் பையில் கூடக் கொண்டு போகலாம். பேனையின் நிறமே அடையாளம். சிவப்பு 1 மில்லிமீற்றர், நீலம் 1.5.

கட்டைக்கு மேலே காந்தப் பட்டி வைத்து ஒட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். நான் செய்து பார்த்து விட்டுவிட்டேன். பிட்டே காந்தமாகி இரும்புத் தூளைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தூள் சிரட்டையில் கீறல் போடும்.

ஸ்காபரோ மாரி

நான் ஊரை விட்டு வந்து இருபது வருசத்துக்கு மேல். இங்கே நிலக்கீழ் அறையில்தான் என் பட்டறை. கோடையில் அங்கேயும் ஈரம். எங்கள் அப்பா ஆயுதப் பெட்டிக்குள் கற்பூரம் போட்டு வைப்பார். அது கறளுக்கா, பூச்சிக்கா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேத் மேசை

கறளுக்குத்தான். பழைய லேத்காரர்களின் பெட்டியில் எல்லாம் ஒரு கட்டி இருக்கும். அதன் ஆவி இரும்பின் மேல் மெல்லப் படியும். ஆனால் மூடிய பெட்டிக்குள் மட்டும்தான் பயன், திறந்த தட்டில் வைத்தால் காற்றோடு போய்விடும். கரைந்து முடிந்ததும் மாற்ற வேண்டும். கிறைண்டருக்குப் பக்கத்தில் திறந்து வைக்க வேண்டாம், ஒரு பொறி போதும். எண்ணெய் பூசுவதற்குப் பதிலாக அதை நம்பவும் வேண்டாம். எண்ணெயும் பூசி, கற்பூரமும் வைத்தால் நல்லது.

குருநகர்க் கரை

நான் சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா பொட்டலத்தைப் பாவிக்கிறேன். அதையும் மூடிய பெட்டியில்தான். வெளியில் வைத்தால் ஊரிலுள்ள ஈரம் முழுவதையும் குடித்துவிட்டு இரண்டு நாளில் சும்மா இருக்கும். நிரம்பிய பிறகு எறிய வேண்டாம். பொட்டலத்தை வெட்டி மணிகளை மட்டும் ஒரு பழைய தாச்சியில் கொட்டி மெல்லிய நெருப்பில் வறுத்தெடுத்தால் திரும்ப வேலை செய்யும். நிறம் மாறுகிற மணியை வறுக்கும் தாச்சியில் பிறகு சமைக்காதீர்கள்.

கோண்டாவில் கொட்டில்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

83இல் 22 பிட் இனி உதவாது, அவற்றைப் பழைய இரும்புக்காரருக்கு விட்டேன். கறள் பிடித்தும் விளிம்பு நல்லதாக இருந்த இரும்பு பிட் 19ஐ வினாகிரியில் போட்டேன். இரவு முழுக்க ஊறவிடாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நாலு மணித்தியாலத்தில் கறள் கறுப்புச் சேறாகக் கழன்றது. பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டு, சூடு ஆற முன்னரே எண்ணெய் பூசினேன். அப்போதுதான் ஒரு பிட்டின் தண்டில் அப்பா ஆணியால் கீறி வைத்த அடையாளம் தெரிந்தது. இரண்டு சின்னக் கோடு. இரண்டு நூல் என்று அர்த்தம். வேணியரில் 6.35. ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. அது எனக்குத் தெரிந்த காலம் முழுவதும் ரின்னின் அடியில்தான் கிடந்தது.

இப்போது மூன்று இடம். இரும்பு பிட் மேசைக்கு மேலே, தேக்குக் கட்டையில். 1 தொடக்கம் 13 வரை அரை மில்லிமீற்றர் படியில் 25 துளை. மரை வெட்டும் அளவுகளுக்குத் தனியாக இன்னொரு சின்னக் கட்டை. அதில் எம் 5 மரை ஆணிக்கு (மரை வெட்டும் கருவி) பக்கத்தில் 4.2, எம் 6க்குப் பக்கத்தில் 5, எம் 8க்குப் பக்கத்தில் 6.8, எம் 10க்குப் பக்கத்தில் 8.5 என்று பிட்டுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். இனி அளவை மனதில் வைக்கத் தேவையில்லை. சுவர் பிட் பைப்புக்குள், கதவுக்குப் பின்னால். மர பிட் லாச்சியில், சீலை விரித்து.

3க்குக் கீழே உள்ளவை பேனைக் கூட்டுக்குள் போய்விட்டன. ஆகவே கட்டையில் அந்தத் துளைகள் சும்மா இருக்கின்றன, அடைக்க வேண்டும்.

சாவகச்சேரி வயர்மன்

மரை ஆணியையும் அதற்குரிய பிட்டையும் ஒன்றாக வைத்தது நல்ல வேலை. எம் 6க்குப் பக்கத்தில் 6.5ஐயும் வையுங்கள். போல்ட் சும்மா ஊடாகப் போகிற துளைக்கு அதுதான் தேவைப்படும்.

கோண்டாவில் கொட்டில்

மாரி வந்துவிட்டது, ஒரு சிக்கலும் வந்துவிட்டது. நாலு நாள் அடைமழைக்குப் பிறகு கட்டையிலிருந்து 6ஐ எடுக்கப் போனால் வரவில்லை. 8உம் 10உம் அப்படித்தான். மரம் ஈரம் குடித்து வீங்கித் தண்டைக் கவ்விப் பிடித்துவிட்டது. குறட்டால் திருகி எடுத்தேன். தண்டைச் சுற்றி, மரம் தொட்ட இடத்தில் மட்டும், வளையமாகக் கறள். நான் துளைகளைப் பிட்டின் அளவுக்கே போட்டிருந்தேன். இறுக்கமாக நிற்பது அழகாக இருந்தது.

ஓடாவி மகன்

அதை முதலே சொல்லாமல் விட்டது என் பிழை, தம்பி. துளை எப்போதும் அரை மில்லிமீற்றர் பெரிதாக இருக்க வேண்டும். கோடையில் பிட் கொஞ்சம் ஆடும், ஆடட்டும். இப்போது உள்ள துளைகளை மழை விட்டதும் அடுத்த அளவு பிட்டால் பெருப்பியுங்கள். ஈரமாக இருக்கும்போது வேண்டாம், நார் கிழியும். பிறகு கட்டையை இரண்டு நாள் வெயிலில் வைத்து, துளைக்குள் மெழுகு உருக்கி ஊற்றிச் சுற்றிவிட்டு உடனே கவிழ்த்துவிடுங்கள். மெல்லிய பூச்சாக நிற்கும், மரம் அவ்வளவு ஈரம் குடிக்காது. எங்கள் அப்பாவின் கட்டைக்குள் அப்படித்தான் இருக்கிறது. சின்ன வயதில் அதைக் கறையான் மருந்து என்று நினைத்திருந்தேன்.

குருநகர்க் கரை

மாரி முடியும்வரை பிட்டுகளைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு மாற்றுங்கள். தை பிறந்து காற்றுக் காய்ந்த பிறகு கட்டைக்கு வரட்டும். கட்டை கோடை வீடு, பெட்டி மாரி வீடு.

கோண்டாவில் கொட்டில்

அப்படியே செய்கிறேன், அண்ணை. பெட்டிக்குள்ளும் கட்டையின் ஒழுங்கிலேயே அடுக்கியிருக்கிறேன். சீலையில் ஒவ்வொரு அளவுக்கும் மார்க்கரால் கோடு கீறி இலக்கம் எழுதினேன். கோட்டின் மேல் பிட் இல்லாவிட்டால் இலக்கம் தெரியும். நேற்று ஹாட்வெயாருக்குப் போக முன்னர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 4.2, 5, 6.8 மூன்றும் வெறுங்கோடு. மூன்றிலும் இவ்விரண்டு வாங்கினேன். கடைக்காரர் வழக்கம் போல 6 எடுத்து மேசையில் வைத்தார், வேண்டாம் என்று சொன்னேன்.

வந்தவுடன் அந்த ஆங்கிளில் ஆடிக்கொண்டிருந்த துளையை 6.8ஆல் பெருப்பித்து, எம் 8 மரை வெட்டிப் புது போல்ட் போட்டேன். மோட்டார் இப்போது அசையாமல் நிற்கிறது.